துப்பாக்கிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

2004 டிசம்பர் 26 காலை கடலூர் தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்த கடல், அதே நாளில் வேறு பல கரைகளையும் வாரிக்கொண்டு போனது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் 30,000க்கும் மேல். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இலங்கையிலும் ஆச்சேயிலும் அப்போது பல ஆண்டு உள்நாட்டுப் போர் ஒன்று முடியாமல் கிடந்தது. ஆச்சேயில் அலை அடித்த எட்டே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த டிசம்பருக்குள் துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. இலங்கையில் நிவாரணப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து கையாள 2005 ஜூனில் போட்ட ‘பொதுக்கட்டமைப்பு’ உடன்பாடுகூட நிற்கவில்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. பிறகு நடந்தது எல்லாம் முள்ளிவாய்க்கால் வரை நமக்குத் தெரியும்.

அலை ஒன்றுதான். முடிவு ஏன் இரண்டு?

மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சனிக்கிழமை மாலைகளில் உட்காருகிறேன். உள்நாட்டுப் பாதுகாப்பு பாடம் நடந்தபோது தேவனாம்பட்டினத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், துப்பாக்கி எடுத்தவங்களோட அரசாங்கம் எதுக்குப் பேசணும்? அப்படிப் பேசினா, துப்பாக்கி எடுத்தாத்தான் காரியம் நடக்கும்னு மத்தவங்களும் நினைக்க மாட்டாங்களா?” நியாயமான கேள்வி. அன்று நேரம் போதவில்லை. இப்போது அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் எதுக்குப் பேசணும் என்பது. பெரும்பாலும் நல்லெண்ணத்தால் யாரும் பேச வருவதில்லை. வெல்லவும் முடியாது, விடவும் முடியாது என்று இரண்டு பக்கமும் களைத்துப்போன பிறகுதான் மேசைக்கு வருகிறார்கள். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த போரில் தலைநகரமும் மாவட்டத் தலைமையிடங்களும் ராணுவத்தின் கையில். மலைக்கிராமங்கள் மாவோயிஸ்டுகளின் கையில். அவர்களால் காத்மாண்டுவைப் பிடிக்க முடியவில்லை, ராணுவத்தால் மலையை மீட்க முடியவில்லை. செத்தது 13,000க்கும் மேற்பட்ட மக்கள். இந்த மாதிரி முட்டுச்சந்தில் நிற்கும்போது பேச்சு என்பது யாரும் யாருக்கும் காட்டும் சலுகை இல்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி அதுதான்.

சரி, பேச உட்கார்ந்தாயிற்று. முதல் வாக்கியத்திலேயே ஒரு கல் தட்டும். அரசு சொல்லும்: முதலில் ஆயுதத்தைக் கீழே வை, அப்புறம் பேசலாம். அந்தப் பக்கம் சொல்லும்: முதலில் கேட்டதைக் கொடு, அப்புறம் வைக்கிறேன்.

கடலூர், புதுச்சேரி கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. சுருக்குமடி வலைத் தகராறு முற்றும்போதெல்லாம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போடுகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பேச்சு, “முதல்ல அவங்க நிறுத்தட்டும்” என்பதுதான். நான் வலையைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டேன், எதிர் ஊர்க்காரர் ஏற்றவில்லை என்றால் என் வீட்டு அடுப்பு என்ன ஆகும்? அதைச் சொல்பவரிடம் பிடிவாதத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பயத்தைப் பிழைப்பிலிருந்து உயிருக்கு மாற்றிப் பாருங்கள். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது தாக்கும் கருவி மட்டும் இல்லை, அடமானச் சீட்டு மாதிரி. அது கையில் இருக்கும்வரை எதிராளி வாக்கு தவற யோசிப்பான். இதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாக்கியெல்லாம் புரிந்துவிடும். ஆயுதக் குழு தன் பங்கை ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. அரசு தருவதோ வாக்குறுதி. அது நிறைவேறப் பல ஆண்டு ஆகும். நடுவில் தேர்தல் வரும், ஆட்சி மாறும், நீதிமன்றம் தடை போடும். ஆக, “உன் துப்பாக்கியை இன்று கொடு, என் சட்டத்தை நாளை தருகிறேன்” என்பதே ஒப்பந்தமாக இருந்தால், அதில் ஒரு பக்கம் மட்டும் முழு ஆபத்தையும் சுமக்கிறது.

1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். மோதல் நின்ற 72 மணி நேரத்துக்குள் போராளிக் குழுக்கள் எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும். ஆயுதம் வைத்திருந்தவர்கள் யாரும் கையெழுத்திடவில்லை. ஆகஸ்ட் 4 அன்று யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் பிரபாகரன் பேசியதன் சாரம், ஆயுதத்தைக் கொடுப்பதோடு எங்கள் மக்களைக் காக்கும் பொறுப்பையும் இந்தியாவிடம் கொடுக்கிறோம் என்பது. அந்தப் பேச்சோடு ஒருவர் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். ஆனால் அடமானச் சீட்டு என்று நான் சொன்னதை அவ்வளவு நேரடியாகச் சொன்ன பேச்சு குறைவு. சில ஆயுதங்கள் பலாலியில் கையளிக்கப்பட்டன. அக்டோபர் 10 அன்று இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. காரணங்கள் பல, இரண்டு பக்கத் தவறுகளும் உண்டு. நான் இங்கே பார்ப்பது அந்த 72 மணி நேரத்தை மட்டும்.

இப்போது வட அயர்லாந்து. பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேரப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு 1994 ஆகஸ்டில் போர்நிறுத்தம் அறிவித்தது. பேச்சுக்கு வருமுன் ஆயுதத்தைக் களையத் தொடங்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு நிபந்தனை போட்டது. ஒன்றரை ஆண்டு அதிலேயே இழுபட்டு, 1996 பிப்ரவரியில் லண்டன் துறைமுகப் பகுதியில் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் தலைமையிலான குழு வேறொரு யோசனையைச் சொல்லியிருந்தது: முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம், பேச்சு நடக்கும்போதே கூடவே களையலாம், வன்முறையை விட்டு ஜனநாயக வழியில் மட்டும் நடப்போம் என்ற உறுதிமொழியை எல்லாக் கட்சியும் முதலில் ஏற்கட்டும். 1997இல் போர்நிறுத்தம் மறுபடி வந்தது. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று ஒப்பந்தம். மே மாதம் மக்கள் வாக்கெடுப்பு, வட அயர்லாந்தில் 71 சதவீதம் ஆதரவு. ஆயுதக் களைவுக்கு வைத்த இலக்கு இரண்டு ஆண்டு. முடிந்தது எப்போது தெரியுமா? 2005 செப்டம்பரில். ஏழு ஆண்டுக்கும் மேல்.

அந்த ஏழு ஆண்டில், ஒப்பந்தப்படி இரு தரப்பும் சேர்ந்து அமைத்த ஆட்சி பலமுறை முடங்கியது, மறுபடி எழுந்தது. இருந்தும் பெரிய போர் திரும்பவில்லை. சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், காவல்துறை மாற்றி அமைக்கப்பட்டது, ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சி தேர்தலில் வளர்ந்தது. துப்பாக்கி கொடுத்த பாதுகாப்பை ஒவ்வொன்றாக வேறு எதுவோ கொடுக்கத் தொடங்கிய பிறகு துப்பாக்கி தானாகவே கனம் குறைந்தது.

அங்கே சொல்லைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வைத்தார்கள். ‘சரணடைதல்’ என்ற சொல்லை ஐ.ஆர்.ஏ. கடைசிவரை ஏற்கவில்லை. ஆயுதங்களை ‘பயன்பாட்டுக்கு எட்டாதபடி வைப்பது’ என்றுதான் சொன்னார்கள். பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் தலைவர் இயன் பெய்ஸ்லி அதைப் படம் பிடித்துக் காட்டியே ஆக வேண்டும் என்றார். அது எங்களை அவமானப்படுத்துவது என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. பிறகு எப்படித்தான் நம்புவது? கனடாவின் ஜெனரல் ஜான் டி சாஸ்ட்லென் தலைமையிலான தனி ஆணையம் எண்ணிப் பார்த்தது. கூடவே ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு சமூகத்திலும் ஒவ்வொருவர். நம் ஊரில் பொதுவான பெரியவரை நடுவில் உட்கார வைப்பதற்கும் இதற்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. 2007 மே மாதம் அதே பெய்ஸ்லி முதலமைச்சர், ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சர்.

மானம் என்பதை இந்தத் துறை நூல்கள் ஓர் ஓரத்தில் வைத்துப் பேசுகின்றன. அதை நடுவில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். தோற்றவனாகத் தலைகுனிந்து வீட்டுக்குப் போகச் சொன்னால் போகாதவன், கௌரவமாகப் போகலாம் என்றால் போவான்.

தலைப்பில் சொன்ன சாவி நேபாளத்தில் இருக்கிறது. 2006 நவம்பர் 21 அன்று விரிவான அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மாவோயிஸ்டுப் படையினர் 7 பெரிய முகாம்களிலும் அவற்றைச் சுற்றிய 21 சிறு முகாம்களிலும் தங்கினார்கள். ஆயுதங்களை இரும்புக் கொள்கலன்களில் வைத்துப் பூட்டினார்கள். ஐ.நா. கண்காணிப்பாளர்கள் ஒவ்வொன்றையும் பதிவு செய்தார்கள். கண்காணிப்புக் கேமரா உண்டு. அனுமதியில்லாமல் திறந்தால் அலறும் சங்கு உண்டு. சாவி மட்டும் மாவோயிஸ்டுகளிடமே இருந்தது!

முதலில் படித்தபோது எனக்கு இது விளங்கவே இல்லை. சாவியை அவர்களே வைத்திருந்தால் பூட்டு எதற்கு? யோசிக்க யோசிக்கத்தான் அதன் அழகு தெரிந்தது. ஆயுதத்தை யாரும் பறிக்கவில்லை, அதனால் மானம் போகவில்லை. அடமானச் சீட்டும் முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை, அதனால் பயம் குறைந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தால் ஊருக்கே, உலகத்துக்கே தெரிந்துவிடும். அதனால் எளிதில் திறக்கவும் முடியாது. இன்னொன்றும் செய்தார்கள். அதே எண்ணிக்கையில் நேபாள ராணுவத்தின் ஆயுதங்களும் இதே மாதிரிப் பூட்டி வைக்கப்பட்டன. நீயும் வை, நானும் வைக்கிறேன். 2008 தேர்தலில் மாவோயிஸ்டுகள் அரசியல் நிர்ணய சபையில் தனிப்பெரும் கட்சியானார்கள், அவர்கள் தலைவர் பிரசண்டா பிரதமரானார். அப்போதும் அந்தப் பெட்டிகள் முகாம்களில்தான் இருந்தன.

ஆச்சேயில் வேறு உத்தி. அங்கே 2002 டிசம்பரில் போட்ட ஒரு போர்நிறுத்தம் ஐந்தே மாதத்தில் உடைந்திருந்தது. துப்பாக்கியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அரசியல் தீர்வைப் பற்றி அது பேசவில்லை. 2005 ஜனவரியில் ஹெல்சின்கியில், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி நடுவராக இருந்து தொடங்கிய பேச்சு, எல்லாவற்றிலும் உடன்பாடு வரும்வரை எதிலும் உடன்பாடு இல்லை என்ற விதியோடு நடந்தது. ஐந்து சுற்று. ‘சுதந்திர ஆச்சே இயக்கம்’ தனி நாட்டுக் கோரிக்கையை விட்டு தன்னாட்சிக்கு இறங்கி வந்தது. இந்தோனேசியச் சட்டப்படி ஒரு மாகாணத்துக்கு மட்டுமான கட்சி தொடங்க முடியாது. ஆச்சேக்கு மட்டும் அதைத் தளர்த்த அரசு ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்து.

அப்புறம் படிப்படியான கைமாற்று. இயக்கம் தர வேண்டியது 840 ஆயுதங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு கட்டமாகத் தந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ராணுவமும் போலீஸும் அதற்கு ஏற்ற அளவில் விலகின. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து அனுப்பிய கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்த்து, வாங்கிய துப்பாக்கிகளை அங்கேயே துண்டு துண்டாக அறுத்தது. ஒருவர் ஒரு படி இறங்கினால் மற்றவரும் ஒரு படி இறங்க வேண்டும். யாரும் முழுதாக இறங்கி ஏமாறவில்லை.

சுனாமிதான் ஆச்சேக்குச் சமாதானம் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மைதான் அது. அலை உலகத்தின் கண்ணை அங்கே திருப்பியது, இரண்டு பக்கமும் முகம் இழக்காமல் இறங்கிவர ஒரு காரணம் கொடுத்தது. ஆனால் அதிபர் யுதோயோனோவும் துணை அதிபர் யூசுஃப் கல்லாவும் அலைக்கு முன்பே பேச விரும்பினார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் ஓர் அரசியல் தீர்வும் இருந்தது. இலங்கையில் 2002 பிப்ரவரியில் நார்வே முயற்சியால் வந்த போர்நிறுத்தம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, ஆனால் அதன்மேல் எந்த அரசியல் ஏற்பாடும் எழவில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். தெற்கில் சமாதானத்தை எதிர்த்தவர்கள் வலுத்தார்கள், கிழக்கில் இயக்கம் உடைந்தது, கொலைகள் பெருகின. வெறும் போர்நிறுத்தம் என்பது அஸ்திவாரம் தோண்டி அப்படியே விட்ட பள்ளம் மாதிரி. மழை வந்தால் முதலில் இடிவது அதுதான்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூல் தேவைப்படாத இடம் அது. அந்த வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் அந்த 72 மணி நேரம் நினைவுக்கு வரும்.

ஆயுதம் போன பிறகு ஆள் என்ன ஆவார்? ஆயுதக் களைவு, படைக் கலைப்பு, சமூகத்தில் மீண்டும் சேர்த்தல் என்று மூன்று படிகளாக இதைச் சொல்வார்கள். முதல் இரண்டையும் ஒளிப்படம் எடுக்கலாம். மூன்றாவது படம் பிடிக்க முடியாதது, அதனாலேயே பணமும் கவனமும் அங்கே வற்றிவிடும். நேபாளத்தில் ஐ.நா. சரிபார்த்து ஏற்ற போராளிகள் 19,602 பேர். கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 1,400 பேரை ஒட்டித்தான். பெரும்பாலோர் 5 லட்சம் முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கிட்டத்தட்ட 3,000 பேர் போர் நின்றபோது 18 வயது நிரம்பாதவர்கள் என்பதால் தகுதி இழந்து, அந்தப் பணமும் இல்லாமல் வெளியேறினார்கள். பள்ளிக்கூட வயதில் துப்பாக்கி தூக்கவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ‘தகுதியற்றவர்’ என்ற பெயர்தான் மிச்சம். இதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

உயிர்ப் பயம் அதைவிடக் கொடியது. கொலம்பியாவில் ஃபார்க் என்ற இடதுசாரி ஆயுத இயக்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தையின்போது 1985இல் ‘தேசபக்த ஒன்றியம்’ என்ற கட்சி தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்களும் வேட்பாளர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். காட்டில் இருந்தவர்கள் இன்னும் முப்பது ஆண்டு காட்டிலேயே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே நாட்டில் எம்-19 என்ற இன்னொரு இயக்கம் 1990 மார்ச்சில் ஆயுதத்தை ஒப்படைத்தது. அதன் தலைவர் கார்லோஸ் பிசாரோ அதிபர் தேர்தலில் நின்றபோது ஏப்ரலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இயக்கத்தினர் திரும்பக் காட்டுக்குப் போகவில்லை. புதிய அரசியல் சாசனம் எழுதும் சபையில் 70 இடங்களில் 19 வென்றார்கள். அந்த இயக்கத்தில் இருந்த குஸ்தாவோ பெட்ரோ 2022இல் நாட்டின் அதிபரானார். ஆபத்து அரசிடமிருந்து மட்டும்தான் வரும் என்றும் இல்லை. தேர்தல் அரசியலுக்கு வந்த இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுவான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபா 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டது புலிகளின் கையால்.

மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. நம் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றவர். பிரெஞ்சு எல்லைக்குள் ஐயர் பத்தாண்டு கிடந்தார். ஆயுதமே எடுக்காத பாரதி 1918 நவம்பரில் அந்த எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். முதல் உலகப் போருக்குப் பிந்திய பொதுமன்னிப்பு வந்த பிறகுதான் ஐயர் 1920இல் வெளியே வந்தார். வந்தவர் பத்திரிகை ஆசிரியரானார், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே யாரும் பேச்சுவார்த்தை நடத்தவில்லை. ஆனால் ஒரு மன்னிப்பு என்ன செய்யும் என்பது இதில் தெரிகிறது: திரும்பி வர ஒரு சாலையைத் திறக்கும்.

அந்தச் சாலையில் பாதிக்கப்பட்டவர்களும் நிற்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கொன்றவன் சட்டமன்றத்துக்குப் போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். கொலம்பியாவில் 2016 அக்டோபர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஃபார்க் ஒப்பந்தத்தை 50.2 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். தண்டனை போதாது என்ற கோபமும் அதில் இருந்தது. ஒப்பந்தத்தைத் திருத்தி நவம்பரில் மறுபடி கையெழுத்திட்டார்கள். உண்மையை முழுதாக ஒப்புக்கொண்டால் சிறைக்குப் பதிலாக ஐந்து முதல் எட்டு ஆண்டு கட்டுப்பாடு, மறைத்தால் சிறை என்று தனி நீதிமன்றம் அமைந்தது. ஆச்சேயில் உண்மை ஆணையம் வர 2016 வரை ஆயிற்று. உண்மையைக்கூடச் சொல்லாத மன்னிப்பை நான் ஏற்க மாட்டேன். சிறை இல்லாத உண்மையையாவது ஏற்கலாம் என்று நினைக்கிறேன். இழந்தவர்கள் வேறு மாதிரிச் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது மாணவியின் இரண்டாவது கேள்வி. துப்பாக்கி எடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று ஆகிவிடாதா? ஆகலாம். அந்த ஆபத்து உண்மைதான். அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, கொடுப்பதை இயக்கத்துக்குக் கொடுக்காமல் மக்களுக்குக் கொடுப்பது. ஆச்சேயில் வட்டாரக் கட்சி தொடங்கும் உரிமை ஆயுதம் எடுக்காதவருக்கும் கிடைத்தது. மிசோரமில் மாநிலத் தகுதி எல்லாருக்குமானது.

மிசோரமை விட்டுவிட்டு இதை முடிக்க மனம் வரவில்லை, அது நம் நாட்டிலேயே நடந்தது. 1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரை அழித்து, பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு மிசோ தேசிய முன்னணியாகி, 1966இல் லால்தெங்கா தலைமையில் ஆயுதம் எடுத்தது. அந்த மார்ச்சில் அய்சால் மீது இந்திய விமானப் படையே குண்டு போட்டது. இருபது ஆண்டு கழித்து 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம். முன்னணி பிரிவினைக் கோரிக்கையைத் தன் விதிகளிலிருந்து நீக்கியது. அப்போது முதலமைச்சராக இருந்த காங்கிரசின் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி, லால்தெங்காவின் கீழ் துணை முதலமைச்சரானார். தேர்தலில் வென்ற ஒருவர் அப்படி இறங்குவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! 1987 பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலமானது. தேர்தலில் முன்னணியே வென்றது.

ஆனால் ஒப்பந்தம் பலித்ததா என்று வெற்றியில் தெரியாது. 1988இல் கட்சித் தாவலால் லால்தெங்காவின் ஆட்சி கவிழ்ந்தது. 1989 தேர்தலில் முன்னணி தோற்றது, 1993இலும் தோற்றது. காட்டுக்கு யாரும் திரும்பவில்லை. 1998இல் மறுபடி வென்று, லால்தெங்காவோடு காட்டில் இருந்த சோரம்தங்கா முதலமைச்சரானார். 2023 டிசம்பர் 4 அன்று வாக்கு எண்ணியபோது அவர் ஆட்சியையும் இழந்தார், தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். அன்றே ஆளுநர் மாளிகைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார்.